கீபோர்டு கனெக்ட் ஆகவில்லை என்று போனேன், உபுண்டுவைத் தொலைத்துவிட்டு வந்தேன்

ஒரே லேப்டாப்பில் விண்டோஸ், உபுண்டு என்று இரண்டு ஓஎஸ் (ஆப்பரேட்டிங் சிஸ்டம்) போட்டு, ப்ளூடூத் கீபோர்டும் வைத்திருப்பவர்கள், சர்வீஸ் கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எனக்கு வந்த கோளாறு இதுதான். உபுண்டுவில் பேரிங் செய்தேன், அதாவது கீபோர்டை லேப்டாப்போடு ஜோடி சேர்த்தேன், நன்றாக ஓடியது. ரீஸ்டார்ட் செய்து விண்டோஸுக்குப் போனால் பட்டியலில் கீபோர்டு இருக்கிறது, கனெக்ட் மட்டும் ஆகாது. அங்கே நீக்கிவிட்டு மறுபடி பேரிங் செய்தால் சரியாகிவிடும். அப்புறம் உபுண்டுவுக்குத் திரும்பினால் அங்கே பேச்சுமூச்சு இருக்காது. ஒரு வாரம் இப்படியே மல்லுக்கட்டிச் சலித்துப்போய்த்தான் கடைக்குக் கொண்டுபோனேன்.

கடைக்காரர் ஆன் செய்ததும், எந்த ஓஎஸ் என்று கேட்கும் கிரப் மெனு வந்தது. என் கீபோர்டில் கீழ் அம்புக்குறியை நாலு தடவை தட்டினார். நகரவில்லை. "பாத்தீங்களா சார், இங்கயே எடுக்கல. ப்ளூடூத் கார்டு போச்சு" என்றார். நானும் தலையாட்டினேன். அந்த மெனு வரும் நேரத்தில் ப்ளூடூத்தை இயக்கும் டிரைவர் மென்பொருளே ஏறியிருக்காது, கார்டு புத்தம் புதிதாக இருந்தாலும் அங்கே வேலை செய்யாது என்பது எனக்கு அப்போது தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்ததா என்பதில் இன்னமும் சந்தேகம்தான்.

வைஃபையும் ப்ளூடூத்தும் ஒரே கார்டு. அதை மாற்றி, விண்டோஸில் பேரிங் செய்து காட்டினார். காசு கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் உபுண்டுவில் பேரிங் செய்துவிட்டு விண்டோஸுக்குப் போனால் பழைய கதை.

மறுபடி போனேன். "ரெண்டு ஓஎஸ் போட்டா இப்படித்தான் சார் அடிச்சுக்கும்" என்றார். "சரி, பார்த்துப் பண்ணுங்க" என்று சொன்னதுதான் நான் செய்த தப்பு. மாலையில் லேப்டாப் நேராக விண்டோஸில் திறந்தது. கிரப் மெனுவையே காணோம். உபுண்டு இருந்த பார்ட்டிஷனை அழித்து டி டிரைவ் ஆக்கியிருந்தார், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல். பேக்கப் எடுக்காமல் விட்ட மூன்று மாத வேலை அதோடு போனது. கீபோர்டு மட்டும் அருமையாக வேலை செய்தது.

செய்யத்தானே செய்யும்! பேரிங் செய்யும்போது லேப்டாப்பும் கீபோர்டும் ஒரு ரகசியச் சாவியை உருவாக்கி ஆளுக்கொன்று வைத்துக்கொள்கின்றன. கார்டின் முகவரி இரண்டு ஓஎஸ்ஸுக்கும் ஒன்றே, அதனால் கீபோர்டுக்கு இரண்டும் ஒரே லேப்டாப். புதிதாகப் பேரிங் செய்ததும் பழைய சாவியை அது மறந்துவிடும். மற்ற ஓஎஸ் பழைய சாவியை நீட்டிக்கொண்டு நிற்கும். ஒரு ஓஎஸ்ஸை அழித்துவிட்டால் தகராறு செய்ய ஆளேது?

நீக்கிவிட்டுப் பேரிங் செய்தால் வேலை செய்கிறதா என்று பாருங்கள். செய்தால் கார்டு மேல் பழி போடாதீர்கள். முதலில் உபுண்டுவில், பிறகு விண்டோஸில் பேரிங் செய்யுங்கள். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில், ப்ளூடூத் பகுதியில் 'கீஸ்' என்பதன் கீழ் 16 பைட் சாவி இருக்கும். சாதாரண அட்மினுக்குக் காட்டாது, சிஸ்டம் உரிமையோடு திறக்க வேண்டும். அதை உபுண்டுவில் அந்தக் கீபோர்டுக்கான 'இன்ஃபோ' கோப்பில் பழைய சாவி இருக்கும் இடத்தில் போட்டு, ப்ளூடூத் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது. ப்ளூடூத் லோ எனர்ஜி (குறைந்த மின்சாரத்தில் ஓடும் ப்ளூடூத்) வகைக் கீபோர்டு என்றால் இன்னும் சில எண்களையும் மாற்ற வேண்டும், கொஞ்சம் பொறுமை வேண்டும். இந்தத் தலைவலியே வேண்டாம் என்பவர்கள் யூஎஸ்பி டாங்கிளோடு (லேப்டாப்பில் செருகும் குட்டி ரிசீவர்) வரும் வயர்லெஸ் கீபோர்டு வாங்கலாம். பேரிங் டாங்கிளுக்குள்ளேயே இருப்பதால் ஓஎஸ் எதுவானாலும் ஓடும், கிரப் மெனுவிலும் பெரும்பாலும் ஓடும்.

உபுண்டுவை மறுபடி போட்டுவிட்டேன். இப்போது இரண்டிலும் அதே கீபோர்டுதான். கழற்றிய பழைய கார்டைக் கேட்டு ஒரு தடவை கடைக்குப் போனேன். "அதெல்லாம் அன்னைக்கே குப்பைல போட்டாச்சு சார்" என்றார், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.