கூகுள் விளம்பரமா, வாடிக்கையாளர் ரிவ்யூவா? சிறு தொழிலுக்கு எது முதலில்?

வீட்டுச் சாதனங்கள் பழுதுபார்க்கும் சிறு சேவை ஒன்றை நடத்துகிறேன். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி என எது நின்றுபோனாலும் மக்கள் முதலில் போனை எடுத்துத் தேடுகிறார்கள். அங்கே நம் பெயர் தெரிய முக்கியமாக இரண்டு வழிகள். கூகுள் ஆட்ஸில் பணம் கட்டி மேலே வரலாம். அல்லது கூகுள் பிசினஸ் புரொஃபைலை, அதாவது கூகுளில் நம் தொழிலின் விவரங்களைக் காட்டும் இலவசப் பதிவை, ஒழுங்காக வைத்து, ரிவ்யூ சேர்த்து, மேப்போடு காட்டப்படும் சில பெயர்களில் ஒன்றாக வரலாம். இரண்டையும் செய்து பார்த்துவிட்டு ரிவ்யூ பக்கம் சாய்ந்தவன் நான். விளம்பரத்தை முழுக்கக் கைவிடவில்லை, ஆனால் அதற்கு ஒதுக்குவது இப்போது சிறு தொகைதான்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். விளம்பரம் உடனே பலன் தரும், ரிவ்யூ மெதுவாகச் சேரும். அதற்குப் பணம் வேண்டும், இதற்குப் பொறுமை வேண்டும். சரி, இனி உள்ளே போவோம்.

கூகுள் ஆட்ஸில் ஒவ்வொரு தேடலுக்கும் ஓர் ஏலம் நடக்கிறது. அதிகத் தொகை சொன்னவரே ஜெயிப்பார் என்பதில்லை. விளம்பரம் தேடலுக்குப் பொருந்துகிறதா, கிளிக் செய்தால் வரும் பக்கம் உருப்படியாக இருக்கிறதா என்பதையும் பார்க்கிறார்கள். அதனால் சிறியவரும் பெரிய நிறுவனத்துக்கு மேலே வர முடிகிறது. இது நல்ல ஏற்பாடு. ஆனால் கணக்கைத் திறந்ததுமே கவனிக்க வேண்டியவை சில உண்டு. இடத்துக்கான அமைப்பில், நம் பகுதியில் இருப்பவர்களோடு அந்தப் பகுதியில் ஆர்வம் காட்டும் வெளியூர்க்காரர்களுக்கும் காட்டு என்பதுதான் முன்கூட்டியே தேர்வாகியிருக்கும். அதை மாற்றாவிட்டால் நம்மால் போகவே முடியாத இடத்திலிருந்து வரும் கிளிக்குக்கும் பணம் போகும். அப்புறம் நெகட்டிவ் கீவேர்டு, அதாவது எந்தச் சொற்களுக்கு நம் விளம்பரம் வரக்கூடாது என்று குறிப்பது. 'ஏசி ரிப்பேர் பயிற்சி', 'ஏசி மெக்கானிக் வேலை' என்று தேடுபவர்கள் நம் வாடிக்கையாளர்கள் இல்லை, அந்தச் சொற்களை விலக்க வேண்டும். நாம் குறிக்கும் தினசரித் தொகையும் அன்றைக்கான உச்சவரம்பு இல்லை. ஒருநாளில் அதைப்போல் 2 மடங்கு வரை செலவாகலாம். மாதக் கணக்கில்தான், தினசரித் தொகையை 30.4 ஆல் (ஒரு மாதத்தின் சராசரி நாட்கள்) பெருக்கி வரும் அளவோடு நிறுத்துகிறார்கள்.

இதையெல்லாம் ஒருமுறை செய்தால் போதும் என்றால் நான் விளம்பரத்தின் பக்கமே நின்றிருப்பேன். என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. எந்தச் சொல்லுக்கு நம் விளம்பரம் வந்தது என்ற பட்டியலைத் தொடர்ந்து பார்த்து, வேண்டாத சொற்களைக் களைந்துகொண்டே இருக்க வேண்டும். போட்டியாளர் தொகையை ஏற்றினால் நாமும் யோசிக்க வேண்டும். இவ்வளவு செய்துவிட்டு ஒரு மாதம் கை இறுக்கமாகிப் பணத்தை நிறுத்தினால், அன்றே போன் அழைப்பும் நின்றுவிடுகிறது. செலவழித்த உழைப்பில் மறுநாளுக்கென்று மிஞ்சுவது, எந்தச் சொல் பலித்தது என்ற அனுபவம் மட்டுமே.

ரிவ்யூவுக்கும் பராமரிப்பு உண்டு, அது சும்மா வளராது. வேலை முடிந்த அன்றே ரிவ்யூ எழுதும் லிங்க்கை அனுப்பிக் கேட்க வேண்டும், தள்ளிப்போட்டால் மறந்துவிடுவார்கள். வரும் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுத வேண்டும். ஆனால் இந்த உழைப்பு அடுக்கடுக்காகத் தங்குகிறது. போன வருடம் ஒருவர் மனமுவந்து எழுதிய நான்கு வரி இன்றைக்கும் எனக்காகப் பேசுகிறது. கூகுளே சொல்வதுபடி உள்ளூர்த் தேடலின் வரிசையை நிர்ணயிப்பவை மூன்று: பொருத்தம், தூரம், பிரபலம். ரிவ்யூவின் எண்ணிக்கையும் ஸ்டாரும் இந்த மூன்றாவதில் சேர்கின்றன. ஆகவே படிப்பவரை நம்ப வைப்பதோடு, நம்மை மேலே கொண்டுவரவும் அவை உதவுகின்றன.

எண்ணிக்கை தரும் பாதுகாப்பை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். 10 பேர் 5 ஸ்டார் தந்த இடத்தில் ஒருவர் 1 ஸ்டார் போட்டால் சராசரி 4.6க்கு இறங்கிவிடும். 100 பேர் 5 ஸ்டார் தந்த இடத்தில் அதே 1 ஸ்டார் விழுந்தாலும் சராசரி 4.96. ஒரே கோபம்தான், ஆனால் முதல் இடத்தில் காயம், இரண்டாவதில் கீறல்கூட இல்லை. அதனால்தான் பிரச்சினை வந்த பிறகு ரிவ்யூ திரட்ட ஓடுவதைவிட, அமைதியான நாட்களிலேயே கேட்டுக்கொண்டிருப்பது நல்லது என்கிறேன்.

இந்த ஸ்டார் வருமானத்தைத் தொடுகிறதா என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலின் மைக்கேல் லூக்கா, அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களின் வருமானத்தை, வாடிக்கையாளர்கள் ரிவ்யூ எழுதும் யெல்ப் தளத்தின் மதிப்பீட்டோடு ஒப்பிட்டு 2011ல் வெளியிட்டார். ஒரு ஸ்டார் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை கூடியது. இந்த விளைவு தனி உணவகங்களில்தான் தெரிந்தது, பல கிளைகள் கொண்ட பெயர்பெற்ற நிறுவனங்களில் தெரியவில்லை. பெயர் தெரியாத நம்மைப் போன்றவர்களுக்குத்தான் ரிவ்யூ அதிகம் உதவும் என்று நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ரிவ்யூவைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். தள்ளுபடி தருகிறேன் என்று கேட்பதும், திருப்தியானவர்களை மட்டும் பொறுக்கியெடுத்துக் கேட்பதும்கூட கூகுளின் விதிக்கு எதிரானவை. யெல்ப் இன்னும் கண்டிப்பு, ரிவ்யூ கேட்கவே வேண்டாம் என்கிறது. அமெரிக்காவில் போலி ரிவ்யூவை விற்பதையும் வாங்குவதையும் தடுக்கும் விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. சட்டம் இருக்கட்டும், போலி ரிவ்யூ என்பது அதை நம்பிக் கதவைத் திறந்துவிடும் ஒரு குடும்பத்தை ஏமாற்றுவது.

மோசமான ரிவ்யூ வந்தால் அழிக்க வழி தேடுவதில் நேரத்தைப் போடாதீர்கள். விதியை மீறியிருந்தால் புகார் செய்யலாம், நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக எடுக்க மாட்டார்கள். என்ன நடந்தது, என்ன சரிசெய்கிறோம் என்று சுருக்கமாக, கோபமில்லாமல் பதில் எழுதுங்கள். அதைக் கவனித்துப் படிக்கப்போவது இனிமேல் வரப்போகிறவர். விளம்பரத்தைப் பார்த்து வருபவரும் அழைப்பதற்கு முன் ஸ்டாரைத்தான் பார்க்கிறார் என்பதால், ஸ்டார் தாழ்ந்திருக்கும்போது விளம்பரத்தைக் கூட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ரிவ்யூவின் பலவீனமும் பெரியதுதான். அது நம் சொத்து இல்லை. புரொஃபைலோடு இலவசமாகக் கிடைத்த இணையப் பக்கங்களை கூகுள் 2024 மார்ச்சில் மூடிவிட்டது, அதை மட்டும் நம்பியிருந்தவர்கள் வேறு இடம் தேட வேண்டியிருந்தது. தொழிலின் பெயரோடு 'ஏசி ரிப்பேர்' போன்ற தேடல் சொற்களை ஒட்டவைத்தால் புரொஃபைலே முடக்கப்படலாம். அதனால் பலகையில் இருக்கும் பெயரையே அங்கும் வையுங்கள்.

விளம்பரம் தெளிவாக முந்தும் இடங்களும் உண்டு. இப்போதுதான் தொடங்கியவருக்கு ரிவ்யூவே இருக்காது, அவருக்கு முதல் வாடிக்கையாளர்களைக் கொண்டுவருவது விளம்பரம்தான். தூரமும் வரிசையைத் தீர்மானிப்பதால், நகரத்தின் மறுகோடியில் தேடுபவருக்கு எவ்வளவு நல்ல ரிவ்யூ இருந்தாலும் நாம் தெரிவது கடினம். நான் ஒதுக்கும் சிறு தொகை அந்தத் தொலைவான பகுதிகளுக்குத்தான் போகிறது.

நான் சொன்னதெல்லாம் வீட்டுக்கு வந்து வேலை செய்யும் ஒற்றைச் சேவையின் அனுபவம். பல கிளைகள் நடத்துபவருக்கு இது அப்படியே பொருந்தும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். மருத்துவர், வழக்கறிஞர் போன்றவர்கள் ரிவ்யூவுக்குப் பதில் எழுதும் முன் இன்னும் யோசிக்க வேண்டும். எழுதியவர் தங்களிடம் வந்தவர்தான் என்று ஒப்புக்கொள்வதுகூட அவருடைய அந்தரங்கத்தை மீறுவதாகிவிடலாம்.