டிச்போர்ன் க்ளெய்மன்ட் 1000 பீஸ் பசில்: மூஞ்சி ஈஸி, கோட்டுதான் உயிர வாங்குது

விக்டோரியா ராணி காலத்துல இங்கிலாந்தையே ரெண்டு கட்சியா பிரிச்ச டிச்போர்ன் க்ளெய்மன்ட், அதாவது டிச்போர்ன் வாரிசு நான்தான்னு வந்து நின்ன ஆள்மாறாட்டக்காரரோட போட்டோவ பசிலா போட்டிருக்காங்கன்னு பாத்ததும் ஆர்டர் பண்ணிட்டேன். செபியா கலர்ல ஆள் நாற்காலிய நிரப்பி உக்காந்திருக்காரு, படத்துல பாதிக்கு மேல கருப்பு கோட்டு. வாங்கறதுக்கு முன்னாடி அந்த கோட்ட நல்லா பாத்துக்கோங்க, சொல்லிட்டேன்.

கதை தெரியாதவங்களுக்கு: ரோஜர் டிச்போர்ன்னு ஹாம்ப்ஷயர்ல ஒரு பணக்கார குடும்பத்து வாரிசு, 1854ல ரியோ டி ஜெனிரோலேர்ந்து கிளம்பின பெல்லாங்கற கப்பலோட காணாம போயிட்டாரு. எல்லாரும் செத்துட்டார்னு முடிவு பண்ணியாச்சு, அம்மா மட்டும் நம்பல, ஆஸ்திரேலியா பேப்பர் வரைக்கும் விளம்பரம் குடுத்தாங்க. 1866ல ஆஸ்திரேலியாவுல வாகா வாகாங்கற ஊர்லேர்ந்து தாமஸ் காஸ்ட்ரோங்கற பேர்ல இருந்த ஒரு கசாப்புக்காரர் நான்தான் ரோஜர்னு கிளம்பி வந்துட்டாரு. நிஜ ரோஜர் ஒல்லி, பாரிஸ்ல வளந்தவர், இவருக்கு பிரெஞ்சு சுத்தமா வராது, உடம்பும் ஏறிக்கிட்டே போய் 130 கிலோவ தாண்டிடுச்சு. ஆனா 1867ல பாரிஸ்ல பாத்த அம்மா இவன்தான் என் புள்ளன்னுட்டாங்க, வருஷத்துக்கு 1000 பவுண்டும் குடுத்தாங்க. பெத்தவளே சொன்னப்புறம் யார் என்ன பேச முடியும்?

சரி, பசிலுக்கு வருவோம். மூஞ்சி, தாடி, வாட்ச் செயின் எல்லாம் கடகடன்னு வந்துருது. செயின் வர்ற பீஸ்ல ஒவ்வொரு வளையமும் தனியா தெரியுது, அத சேக்கறப்ப ஒரு தனி சந்தோஷம். ஆனா மூஞ்சில கண்ணுகிட்ட லேசா மங்கலா இருக்கு. அந்த காலத்துல இந்த மாதிரி ஆளுங்க போட்டோவ உள்ளங்கை சைஸ் அட்டையில ஒட்டி விப்பாங்க, இவரோடதும் அப்படி நிறைய வித்துச்சு, அந்த மாதிரி ஒண்ண இவ்ளோ பெருசாக்கினா அப்படித்தான் இருக்கும்னு நான் விட்டுட்டேன்.

விட முடியாதது கட்டிங். நேர் வரிசையா வெட்டற சாதா ரிப்பன் கட், எல்லா பீஸும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே சாயல். கோட்டு ஏரியால தப்பான பீஸ் கூட டக்குனு கச்சிதமா உக்காந்துருது, கலரும் ஒத்துப்போகுது, ரெண்டு வரிசை தள்ளி எங்கயோ இடிச்சப்புறம்தான் தெரியுது இது இங்க உள்ளதே இல்லன்னு. ஆள்மாறாட்டக்காரர் பசில்ல பீஸும் ஆள்மாறாட்டம் பண்ணுது, கம்பெனிக்காரன் யோசிச்சு பண்ணிருந்தா கால்ல விழுந்துருவேன், ஆனா மட்டமான கட்டிங்னுதான் தோணுது. பேப்பர் வேற பளபளன்னு இருக்கு, லைட்டுக்கு கீழ உக்காந்தா கருப்பு மொத்தமும் வெள்ளையா மின்னுது.

உள்ள வர்ற சின்ன நோட்டீஸ் நல்லா எழுதிருக்காங்க, கேஸ் விவரம் இருக்கு. ரோஜர் கையில பச்சை குத்தியிருந்துச்சுன்னு அவரோட ஸ்கூல்ல படிச்ச ஒருத்தர் கோர்ட்ல சொன்னாரு, இவர் கையில ஒண்ணும் இல்ல, ரோஜர் சொத்து எனக்குத்தான்னு இவர் போட்ட கேஸ் 1872ல புட்டுக்கிச்சு. அடுத்து பொய் சாட்சி கேஸ், 188 நாள் நடந்து 1874ல, நீ லண்டன் வாப்பிங் ஏரியா கசாப்புக்காரர் மகன் ஆர்தர் ஆர்ட்டன்தான்னு சொல்லி 14 வருஷம் போட்டாங்க. இதுல எனக்கு ஆச்சரியமே இவர வெறித்தனமா நம்பினதுல பாதி பேர் ஏழை பாழைங்க, கேஸ் நடத்த காசு போட்டதுல அவங்களும் உண்டு, பெரிய வீட்டுக்காரங்க சேந்து ஒருத்தன அமுக்கறாங்கன்னு கோவம். நோட்டீஸ்ல அத பத்தி ஒரு வரி கூட இல்ல. 1898ல செத்தப்ப சவப்பெட்டி தகட்டுல சர் ரோஜர்னு பேர் போட டிச்போர்ன் குடும்பமே விட்டுச்சு, அதுவும் இல்ல. டப்பாவுல மட்டும் கொட்டை எழுத்துல மோசடி மன்னன்னு இருக்கு.

வரலாறு பிடிச்சவங்க, பொறுமை உள்ளவங்க வாங்கலாம். புதுசா பசில் போடறவங்க, சின்ன பசங்களுக்கு வேண்டாம். வாங்கினா கோட்டு பீஸ கலர பாத்து பிரிக்காதீங்க, வேலைக்காகாது, வெளிய நீட்டிட்டிருக்கற காத எண்ணி ரெண்டு காது, மூணு காதுன்னு ஷேப் பாத்து தட்டுல பிரிச்சு வச்சு பகல் வெளிச்சத்துல போடுங்க, உக்காந்த பீஸ லேசா ஆட்டி பாருங்க, ஆடிச்சுன்னா எடுத்துருங்க.