டிஸ்க் பெயரா, யூயூஐடியா: எம்டிஅட்ம் கான்ஃபிக்கில் எது நிற்கும்?

லினக்ஸில் பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டை நிர்வகிக்கும் கருவி எம்டிஅட்ம். அதன் கான்ஃபிக் ஃபைலில், டிவைஸ் வரியில் டிஸ்க்குகளைப் பெயர் சொல்லி எழுதுவது ஒரு வழி. அங்கே 'பார்ட்டிஷன்ஸ்' என்று மட்டும் போட்டு, அரே (டிஸ்க்குகள் சேர்ந்த தொகுதி) வரியில் யூயூஐடி (அதன் தனி அடையாள எண்) கொடுப்பது இன்னொரு வழி. நான் வைத்திருப்பது இரண்டாவது. புதிதாக அமைப்பவர்களுக்கும் அதையே சொல்வேன். கெர்னலே தேடிக்கொள்ளும் பழைய முறை 0.90 மெட்டாடேட்டாவுக்கு (டிஸ்க்கில் எழுதப்படும் அரே விவரத்தின் பழைய வடிவம்) மட்டுமே. இப்போது வழக்கமாக விழுவது 1.2 என்பதால் அந்தப் பழைய முறையை விட்டுவிடலாம்.

எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற டிஸ்க் பெயர்கள் பூட்டுக்குப் பூட்டு மாறலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். நிஜமான சோதனை டிஸ்க் மாற்றும்போதுதான்.

ரெய்டு 1 (ஒரே தரவு இரண்டு டிஸ்க்கிலும் இருக்கும்), இரண்டு சாட்டா டிஸ்க், டிவைஸ் வரியில் '/டெவ்/எஸ்டி?1' என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பழுதாகி, அதற்குப் பதில் என்விஎம்இ (பெயர் 'எஸ்டி' என்று தொடங்காத வேறு வகை டிஸ்க்) வருகிறது. எம்டிஅட்மில் '--ஆட்' கொடுத்தால் மறுபேச்சில்லாமல் சேரும். கையால் சேர்க்கும்போது டிவைஸ் வரி பார்க்கப்படுவதில்லை. ரீசிங்க் (தரவைப் புது டிஸ்க்குக்கு நகலெடுப்பது) முடிந்து, அரே நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட்டில் [2/2] [யூயூ], அதாவது இரண்டும் சரி, என்று வந்துவிடும். வம்பு அடுத்த பூட்டில். புதிய டிஸ்க்கின் பெயர் அந்தப் பேட்டர்னில் அடங்காததால் ஒதுக்கப்பட்டு, அரே [2/1] என்று ஒற்றைக் காலில் எழும். மாற்றியதற்கும் பூட்டுக்கும் இடையே மாதங்கள் ஓடியிருந்தால் அந்த வரிமேல் யாருக்கும் சந்தேகம் வராது; புது டிஸ்க்கையே குறை சொல்வார்கள். திரும்பச் சேர்க்கும்போது பிட்மேப் (மாறிய பகுதிகளின் குறிப்பு) இருந்தால் விட்டுப்போன பகுதி மட்டும் நகலாகும், இல்லையென்றால் முழு ரீசிங்க்.

அரேயின் யூயூஐடியோ '--ஆட்' செய்யும்போதே புது டிஸ்க்கின் சூப்பர்பிளாக்கில் (மெட்டாடேட்டா இருக்கும் இடம்) எழுதப்பட்டுவிடும். கான்ஃபிக்கைத் தொடவே வேண்டாம்.

முதல்முறை அமைக்கும்போது மட்டும் கவனம் வேண்டும். எம்டிஅட்ம் '--டீடெய்ல் --ஸ்கேன்' தரும் அரே வரியை கான்ஃபிக்கின் கடைசியில் '>>' போட்டு இரண்டு தடவை சேர்த்தால் அரே வரி இரட்டிப்பாகும்; பழையதை அழித்துவிடுங்கள். பிறகு, பூட்டின் தொடக்கத்தில் பயன்படும் இனிட்ராம்எஃப்எஸ்ஸிலும் புது கான்ஃபிக் சேர, டெபியனில் 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ', ஃபெடோராவில் 'டிராகட் -எஃப்'. இதை மறந்தால் எம்டி0 என்று இருந்தது எம்டி127 என்று எழக்கூடும். எஃப்எஸ்டேபில் (எதை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் ஃபைல்) ஃபைல்சிஸ்டத்தின் யூயூஐடியைப் போடுங்கள். அது வேறு, அரேயின் யூயூஐடி வேறு.

பெயர்ப் பட்டியலுக்கும் இடம் உண்டு. மல்டிபாத் இருந்தால் ஒரே டிஸ்க் இரண்டு பாதையில் இரண்டாகத் தெரியும். அங்கே டிவைஸ் வரியை '/டெவ்/மேப்பர்' (இரண்டு பாதையும் ஒன்றாகத் தெரியும் இடம்) பக்கம் மட்டும் நிறுத்துவதே பாதுகாப்பு. 0.90 அரேக்களிலும் அப்படித்தான். சூப்பர்பிளாக் கடைசியில் இருப்பதால், டிஸ்க்கின் முடிவுவரை நீளும் பார்ட்டிஷனும் முழு டிஸ்க்கும் ஒரே உறுப்பினர் போலத் தெரியலாம்; பார்ட்டிஷன் எண்ணோடு பேட்டர்ன் எழுதினால் அந்தக் குழப்பம் தீரும்.