ஜெட் போட் ஸ்டீயரிங் கேபிள்: கிரீஸ் அடித்து ஏமாந்த ஒன்றரை வருடமும் மாற்றிய பிறகான ஐந்து சீசனும்

நேரமில்லாதவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேபிளுக்கு உள்ளே தண்ணீர் போய் இறுகிவிட்டால் அதற்கு வைத்தியம் கிடையாது, மாற்றத்தான் வேண்டும். இதை ஒத்துக்கொள்ள எனக்கு ஒன்றரை வருடமும் மூன்று டப்பா கிரீஸும் செலவாயிற்று.

எங்கள் படகு 21 அடி, பின்னால் இரண்டு இன்ஜின், இரண்டு ஜெட் பம்ப். 2017 கடைசியில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஓடுவதெல்லாம் பெரும்பாலும் ஜார்ஜியாவில் லேனியர் ஏரியில், அதாவது பியூஃபோர்டு அணையால் தேங்கி நிற்கும் நல்ல தண்ணீரில். வருடத்துக்கு ஒரு தடவை மட்டும் டிரெய்லரில் கட்டி சவானா பக்கம் டைபீ தீவு வரை இழுத்துப்போய்க் கடல் தண்ணீரிலும் இறக்குவோம். ஒரு தடவைதானே என்று திரும்பி வந்து சரியாகக் கழுவாமல் விட்டதும் என் தப்புக் கணக்கில் சேரும்.

ஜெட் போட்டுக்குப் புதியவர்களுக்காக ஒரு விஷயம். இதில் தண்ணீரைக் கிழித்துத் திருப்பும் சுக்கான் கிடையாது. பம்ப் பீய்ச்சும் தண்ணீரை வலமாகவோ இடமாகவோ திருப்பிவிடும் நாசில்தான் எல்லாம், ஸ்டீயரிங்கிலிருந்து அந்த நாசில் வரை போவதுதான் இந்தக் கேபிள். 1950களில் நியூசிலாந்தில் பில் ஹாமில்டன் ஆழமில்லாத ஆறுகளில் ஓட்டுவதற்காக இந்த வகைப் படகை உருவாக்கினார், அடியில் எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பதுதான் நோக்கமே. அதற்கான விலை என்னவென்றால், த்ராட்டிலை விட்டால் ஸ்டீயரிங்கும் போய்விடும். மெதுவாகப் போகும்போது படகு குடிகாரன் மாதிரி இப்படியும் அப்படியும் அலையும், கையைச் சின்னச் சின்னதாக அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே ஸ்டீயரிங் டைட்டானால் வேகத்தில் அவ்வளவாகத் தெரியாது, மெரினாவுக்குள், அதாவது படகுகள் நிறுத்தும் துறைக்குள், நுழையும்போதுதான் உயிரை வாங்கும். இங்கே ஜார்ஜியாவில் டாக் (படகு கட்டும் மேடை), நிறுத்திவைத்த படகு எதற்கும் 100 அடிக்குள் வந்துவிட்டால் ஊர்ந்துதான் போக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நான் சொல்லும் கஷ்டமெல்லாம் அந்த 100 அடிக்குள்தான்.

முதலில் கண்டுபிடித்தது என் மனைவி. 2018 இலையுதிர் காலத்தில் ஒரு நாள் அவள் ஓட்டிக்கொண்டிருந்தவள், "ஆட்டுக்கல்லுல மாவாட்டுற மாதிரி இருக்குங்க, நீங்களே வந்து பிடிங்க" என்றாள். நான் பிடித்துப் பார்த்துவிட்டு, குளிர் ஆரம்பித்துவிட்டது, கிரீஸ் கெட்டியாகி இருக்கும் என்று பெரிய மெக்கானிக் மாதிரி பதில் சொன்னேன்.

ஜனவரியில் டிரெய்லரில் நிற்கும்போது ஒரு வேடிக்கை. காலையில் ஸ்டீயரிங் அசையவே அசையாது, மதியம் வெயில் ஏறியதும் சுமாராகச் சுற்றும். இதை நான் அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். கிரீஸ் கெட்டியானால் கனமாகச் சுற்றும், சுற்றாமல் அப்படியே நிற்காது. உள்ளே தண்ணீர் புகுந்து ராத்திரி உறைந்து மதியம் உருகுகிறது என்றுதான் அர்த்தம். எனக்கு உறைக்கவில்லை.

அடுத்து நான் செய்தது ஊர்ப்பழக்கம். ஊரில் அப்பாவின் டிவிஎஸ் 50-க்கு கிளட்ச் இறுகினால் கேபிளைக் கழற்றி ஆணியில் தொங்கவிட்டு, மேல் முனையில் பாலித்தீன் கவரைப் புனல் மாதிரி கட்டி, இன்ஜின் ஆயிலை ஊற்றி ராத்திரி முழுக்க விட்டுவிடுவார்கள், காலையில் கீழே சொட்டியிருக்கும். அதையே இதிலும் செய்தேன். கழற்றாமலே, நாசில் பக்க முனையில் ரப்பர் உறையை விலக்கி ஸ்ப்ரே அடித்து, கிரீஸை உள்ளே திணித்து, ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஐம்பது தடவை சுற்றினேன். இரண்டு வாரம் அருமையாக இருந்தது. மூன்றாவது வாரம் முன்பைவிட மோசம். மறுபடியும் கிரீஸ். 2019 முழுக்க இதே கதை. இந்த வகைக் கேபிள் பைக் கேபிள் மாதிரி வெறுமனே இழுப்பதில்லை, இழுக்கவும் தள்ளவும் செய்கிறது. தடித்த ஸ்டீல் கம்பி பிளாஸ்டிக் குழாய்க்குள் இடைவெளியே இல்லாமல் ஓடுகிறது. வெளியிலிருந்து நாம் திணிக்கும் கிரீஸ் முதல் ஒரு சாணைத் தாண்டாது, அதிலேயே மணலும் அழுக்கும் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் உட்கார்ந்திருப்பதோ அதற்கும் உள்ளே.

2020 பிப்ரவரியில்தான் ஒழுங்காகச் சோதித்தேன், அதற்கு ஆனது இருபது நிமிடம். பின்னால் நாசிலோடு கேபிளைச் சேர்க்கும் பால் ஜாயின்ட்டைக் கழற்றிவிட்டு நாசிலை ஒரு கையால் தள்ளினேன். கதவுக் கீல் மாதிரி லேசாக ஆடியது. சரி, நாசில் குற்றவாளி இல்லை. அப்புறம் டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, ஸ்டீயரிங் பக்கமும் கேபிளைப் பிரித்துவிட்டுச் சுற்றினேன். இரண்டு விரலில் சுற்றியது. மிச்சம் இருந்தது கேபிள் மட்டும். இந்தச் சோதனையை முதல் நாளே செய்யாமல் யாரும் கிரீஸ் டப்பாவைத் திறக்காதீர்கள்.

கடையில் கேட்டால் கூலியோடு 900 டாலர் என்றார்கள், அதுவும் மே மாதம்தான் தேதி கிடைக்கும். கேபிள் மட்டும் 200-க்குள் கிடைத்தது. வாங்கும்போது பழைய கேபிளின் மேலுறையில் அச்சடித்திருக்கும் எண்ணைப் பார்த்து, படகின் மாடலுக்கான பார்ட் நம்பரோடு ஒப்பிட்டு வாங்குங்கள். நீளம் கொஞ்சம் கூடினாலும் சுருட்டி உள்ளே வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், ஒவ்வொரு வளைவும் ஸ்டீயரிங்கில் கனமாகத்தான் வந்து நிற்கும்.

மாற்றுவதற்கு இரண்டு வார இறுதிகள் ஆயின. கஷ்டமான வேலை கேபிளை உருவுவது இல்லை, படகின் பின்சுவரில் அது வெளியேறும் இடத்தில் இருக்கும் பெரிய நட். ஸ்பேனர் போட்டால் கால் திருப்புதான் கிடைக்கும், எடுத்துத் திரும்பப் போட வேண்டும். கை போகும், கண் போகாது, கண் போனால் கை போகாது. எதிர்வீட்டுத் தம்பி ஒருவர் ஒல்லியாக இருந்ததால் பிழைத்தேன், அவரைத் தலைகீழாக ஹட்ச்சுக்குள் (படகின் தளத்தில் இருக்கும் மூடி போட்ட திறப்பு) இறக்கிவிட்டேன் என்றே சொல்லலாம். பழைய கேபிளை உருவுவதற்கு முன் அதன் வாலில் நைலான் கயிற்றைக் கட்டி மேலே டேப் சுற்றிவிட வேண்டும். கேபிள் வெளியே வரும்போது கயிறு அதன் வழியில் போய் உட்கார்ந்துவிடும், புதியதை அந்தக் கயிற்றில் கட்டி இழுத்தால் வழி தேட வேண்டியதில்லை. நான் முதல் தடவை டேப்பை முடிச்சுக்கு மட்டும் சுற்றினேன், பாதி வழியில் அவிழ்ந்துகொண்டது. அன்றைய சாயங்காலம் அதிலேயே போயிற்று.

பழையதை ஹேக்ஸா பிளேடால் இரண்டாக அறுத்துப் பார்த்தேன். பின்பக்க முனையிலிருந்து சுமார் இரண்டு அடியில் டீத்தூள் வடிகட்டிய மாதிரி பழுப்புத் தண்ணீர் சொட்டியது. ஸ்டெயின்லெஸ் கம்பிதான், ஆனால் காற்றுப் படாமல் உப்புத் தண்ணீரில் ஊறினால் அதுவும் துருப்பிடிக்கும், அங்கங்கே அம்மைத் தழும்பு மாதிரி குழி. ரப்பர் உறையில் மயிரிழை வெடிப்பு ஒன்று, வளைத்துப் பார்த்தால்தான் தெரிந்தது. இத்தனைக்கும் காரணம் அந்த வெடிப்புதான்.

புதியதை மாட்டிய பிறகு ஸ்டீயரிங்கை நடுவில் நிறுத்தி, நாசிலும் நடுவில் நிற்கிற மாதிரி பால் ஜாயின்ட்டைத் திருகி, லாக் நட்டை இறுக்கினேன். இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, நாசில் சமமாகப் போகிறதா என்று ஸ்கேல் வைத்தும் பார்த்துக்கொண்டேன். பின்சுவர் ஓட்டையைப் புது ரப்பர் வளையம் போட்டு மெரைன் சீலன்ட் வைத்து அடைத்தேன். அந்த ஓட்டை தண்ணீருக்குக் கீழே இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். முதல் தடவை இறக்கும்போது டிரெய்லரிலிருந்து அவிழ்க்காமலே பத்து நிமிடம் மிதக்கவிட்டு, டார்ச் அடித்து உள்ளே கசிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விட்டேன்.

எத்தனை லேசானது என்று கையால் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று ஊருக்குப் போகும்போது பெட்டி எடை போடுகிற தொங்கு தராசை ஸ்டீயரிங் வளையத்தில் மாட்டி இழுத்துப் பார்த்தேன். பழைய கேபிளோடு 11 கிலோ காட்டியது, புதியதில் 2.4. அன்றிலிருந்து ஒவ்வொரு மார்ச்சிலும் அதே இடத்தில் மாட்டி இழுத்து டாஷ்போர்டு மூடியின் உள்பக்கம் மார்க்கரில் எழுதி வைக்கிறேன். 2021-இல் 2.4, 2022-இல் 2.6. 2023-இல் திடீரென 3.8. பழைய நினைவில் வயிற்றைக் கலக்கியது, ஆனால் கழற்றிப் பார்த்தால் இந்தத் தடவை நாசில் புஷ்ஷில், அதாவது அது திரும்பும் மூட்டில் இருக்கும் வளையத்தில், மணல். கழுவித் துடைத்து மெரைன் கிரீஸ் தடவியதும் 2.6-க்குத் திரும்பிவிட்டது. 2025-இல் 2.7.

பராமரிப்பு என்று நான் செய்வது கொஞ்சம்தான். ஒவ்வொரு தடவையும் வெளியே எடுத்ததும் நாசில் மூட்டுகளை நல்ல தண்ணீரில் கழுவுவேன், டைபீ போய்வந்தால் இரண்டு தடவை. நிறுத்தும்போது பளபளப்பான கம்பி உள்ளே இழுத்துக்கொள்ளும் பக்கமாக ஸ்டீயரிங்கைத் திருப்பி வைப்பேன், வெளியே நீட்டிக்கொண்டு நின்றால் அழுக்கு படிந்து, அடுத்த தடவை அதையும் இழுத்துக்கொண்டுதான் உள்ளே போகும். சீசன் தொடங்குமுன் ரப்பர் உறையை வளைத்து வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பேன், பால் ஜாயின்ட்டுக்குக் கொஞ்சம் கிரீஸ். கேபிளுக்குள் எதையும் ஊற்றுவதில்லை. குளிர்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போய் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் சுற்றிவிட்டு வருவேன், பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்கு இது ஒரு காட்சி.

டைட்டாக இருக்கிறதென்று பலம் போட்டுச் சுற்றுபவர்கள் அதை இன்றே நிறுத்துங்கள். ஹெல்முக்குள் (ஸ்டீயரிங் சக்கரத்துக்குப் பின்னால் கேபிளை நகர்த்தும் பெட்டி) பல்சக்கரம் உடைந்தாலோ கேபிள் அறுந்தாலோ நாசில் எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கமே படகு போகும், நீங்கள் வெறும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

இப்போது ரிவர்ஸ் பக்கெட்டை (பின்னால் போவதற்காக நாசில் தண்ணீரை முன்பக்கம் திருப்பிவிடும் மூடி) இழுக்கும் கேபிள் முறைக்க ஆரம்பித்திருக்கிறது, காலையில் இறுக்கம், மதியம் லேசு, அதே நாடகம். இந்தத் தடவை கிரீஸ் வாங்கவில்லை. புதுக் கேபிள் வந்து கராஜ் சுவரில் தொங்குகிறது, எதிர்வீட்டுத் தம்பி இப்போது கொஞ்சம் குண்டாகிவிட்டார் என்பதுதான் ஒரே கவலை.