மினி ஸ்க்ரூ பழக: இரண்டு நாள் வகுப்பா, ஆறு மாதக் கோர்ஸா?

பல்லை நகர்த்தப் பிடிமானமாகத் தாடை எலும்பில் போடும் சின்னத் திருகுதான் மினி ஸ்க்ரூ. அதைப் பழக எந்த வகுப்பில் சேரலாம் என்பதே, பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். முடித்துக் கிளினிக் போட்ட இளையவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது. நான் இரண்டுக்கும் போனேன். ஒன்றுக்குத்தான் பணம் கட்ட முடியும் என்றால் ஆறு மாதத்துக்கே கட்டுங்கள்.

இரண்டு நாள் வகுப்பில் செலவு குறைவு, கிளினிக்கை மூட வேண்டியதில்லை. செயற்கை எலும்பிலும் ஆட்டுத் தாடையிலும் ஏழெட்டு ஸ்க்ரூ போட்டுப் பார்த்தால் டிரைவர் பிடி கைக்கு வந்துவிடும். ஆனால் ஈறு மட்டும் மரக்கும்படி அளவாக ஊசி போட்டிருந்தால், ஸ்க்ரூ வேரை நெருங்கும்போது நோயாளி "வலிக்குது டாக்டர்" என்பார். அங்கேயே நிறுத்தித் திசையை மாற்றலாம். அதை ஆட்டுத் தாடையில் பழக வழியில்லை.

சரி, அதுகூடப் பெரிதல்ல. ஸ்க்ரூ ஆடத் தொடங்கும்போதுதான் பயிற்சியின் அருமை தெரியும். நன்றாகப் போட்டாலும் 100-க்கு 10, 15 கழன்றுவிடும் என்பதே பல ஆய்வுகளின் கணக்கு. வகுப்பு முடிந்த அடுத்த மாதம் ஒரு கல்லூரி மாணவிக்கு மேல்தாடையில் 1.5 மி.மீ. தடிமன், 8 மி.மீ. நீளத்தில் ஒன்று போட்டேன். மூன்றாம் வாரம் ட்வீசரால் தொட்டால் ஆடியது. சுற்றிலும் ஈறு சிவந்திருந்தது. எடுப்பதா, விட்டுவைப்பதா என்று கேட்க ஆளில்லை. பத்து நாளில் தானே விழுந்தது.

ஆறு மாதக் கோர்ஸில் மாதம் ஒரு நாள் வகுப்பு. நம் நோயாளியையே அழைத்துப் போகலாம். போட்ட ஸ்க்ரூவை அடுத்த மாதம் ஆசிரியரும் பார்ப்பார். அங்கே என் மூன்றாவது கேஸும் ஆடியது. அவர் ஸ்க்ரூவைத் தொடவே இல்லை. நோயாளியின் கன்னத்தை மெல்ல இழுத்துக் காட்டினார். இழுக்க இழுக்க ஸ்க்ரூவின் கழுத்தில் சதை உரசியது. கெட்டியான ஈறின் எல்லையைத் தாண்டி, அசையும் சதையில் போட்டிருக்கிறேன். அன்றே எடுத்துவிட்டு, அடுத்த பல் இடைவெளியில் கெட்டி ஈறிலேயே போட வைத்தார். அது சிகிச்சை முடியும்வரை நின்றது. அன்றிலிருந்து ஊசி போடும் முன்பே கன்னத்தை இழுத்து எல்லையைப் பார்த்துக்கொள்கிறேன்.

கடைவாய்ப்பல்லுக்கு மேலே, கன்ன எலும்பு முகட்டில் போடும் ஐ.இசட்.சி. ஸ்க்ரூவில் என் கணக்கு இன்னும் பத்தைத் தாண்டவில்லை. அதற்கும் ஆறு மாதக் கோர்ஸே சரி என்று அழுத்திச் சொல்ல மாட்டேன். அதேபோல், படிக்கும்போதே பேராசிரியர் பக்கத்தில் நின்று நிறையப் போட்டவர்களுக்கு இரண்டு நாள் போதும்.

எதில் சேர்ந்தாலும் பணம் கட்டும் முன் ஒன்று கேட்டுவிடுங்கள்: ஸ்க்ரூ கழன்றால் அந்த நோயாளியை மறுபடி அழைத்து வரலாமா?