கேட்டோ டெர்மினல் யூனிஜாய்னர்: சால்டர் இல்லாமல் தண்டவாளத்துக்கு மின்சாரம்

மாதிரி ரயிலின் எஞ்சினுக்கு மின்சாரம் தண்டவாளத்தின் வழியாகவே செல்வதால், கன்ட்ரோலரிலிருந்து வரும் இரண்டு கம்பிகளை இரண்டு தண்டவாளங்களோடு எப்படிச் சேர்ப்பது என்பதை முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். ஜப்பானின் கேட்டோ நிறுவனம் பிளாஸ்டிக் அடித்தளத்தோடு வரும் தனது ‘யூனிட்ராக்’ பாதைகளின் N (என்) கேஜ் அளவுக்கு, அதாவது தண்டவாள இடைவெளி 9 மில்லிமீட்டர் உள்ள அளவுக்கு, விற்கும் டெர்மினல் யூனிஜாய்னர் இதற்கு மிக எளிய வழியைத் தருகிறது. இரண்டு பாதைத் துண்டுகளைப் பிணைக்கும் வழக்கமான இணைப்பியைக் கழற்றிவிட்டு, கம்பியோடு வரும் இந்த இணைப்பியை அதே இடத்தில் செருகினால் வேலை முடிந்துவிடும். நீலமும் வெள்ளையுமான கம்பிகளின் மறுமுனையிலுள்ள பிளக் கேட்டோவின் கன்ட்ரோலரில் நேரடியாகப் பொருந்துகிறது.

இதே நிறுவனம் 62 மில்லிமீட்டர் நீளமுள்ள மின்சாரம் ஊட்டுவதற்கான பாதைத் துண்டு ஒன்றையும் விற்கிறது. அதைப் பயன்படுத்தினால் 248 மில்லிமீட்டர் நேர்ப்பாதையை அடிப்படையாகக் கொண்ட வரைபடத்தில் அந்தத் துண்டுக்கென்று இடம் ஒதுக்கவேண்டும். யூனிஜாய்னருக்கு அந்தத் தேவை இல்லை. எந்த இணைப்பிலும், பாதையின் அளவு மாறாமல் மின்சாரத்தை நுழைக்கலாம். இதன் உண்மையான சிறப்பு இதுவே என்பது என் கணிப்பு. ஓட்டி முடித்ததும் தரையில் விரித்த பாதையைப் பிரித்துப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறவர்களுக்குச் சால்டர் வைப்பதில், அதாவது ஈயத்தை உருக்கிக் கம்பியை ஒட்டுவதில், பொருளே இல்லை.

நிலையான பலகையில் பெரிய பாதை அமைப்பவர்கள் ஒரு ஜோடி யூனிஜாய்னரோடு நின்றுவிடக் கூடாது. தண்டவாளம் செய்யப்படும் நிக்கல் சில்வர் என்ற செம்பு-நிக்கல்-துத்தநாகக் கலவை, செம்பைவிடப் பல மடங்கு குறைவாகவே மின்சாரத்தைக் கடத்துகிறது. அதோடு ஒவ்வொரு இணைப்பிலும் சிறிதளவு மின்தடை சேர்ந்துகொண்டே போவதால், நீண்ட வட்டப்பாதையில் மின்னூட்டும் இடத்துக்கு நேரெதிர்ப் பக்கத்தில் எஞ்சின் வேகம் குறைவது தெரியும். அங்கே இரண்டாவது ஜோடியைச் செருகினால் இது பெரும்பாலும் சரியாகிவிடும். அப்போது நீலக் கம்பி எல்லா இடங்களிலும் ஒரே தண்டவாளத்தில் இருக்கவேண்டும். இரண்டு இணைப்பிகளும் தனித்தனித் துண்டுகள் என்பதால் இடம் மாற்றிச் செருகுவதைத் தடுக்க எதுவுமில்லை. மாறினால் ஷார்ட் சர்க்யூட்தான். மின்சாரத்தைப் போடுவதற்கு முன் மல்டிமீட்டரால் ஒருமுறை சோதிப்பது நல்லது.

குறை என்று சொல்லவேண்டுமானால், யூனிஜாய்னர் அழுத்தத்தை மட்டுமே நம்பிய தொடுப்பு. அடிக்கடி கழற்றி மாட்டினால் பிடிப்பு தளரும், உலோகப் பரப்பில் ஆக்சைடு படிந்தால் தொடர்பு விட்டுவிட்டு வரும். ஒழுங்காக வைத்த சால்டருக்கு இந்தத் தொல்லை இல்லை. தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து, கம்பிக்கும் தண்டவாளத்துக்கும் தனித்தனியே ஈயம் பூசி, பிறகு நன்கு சூடான முனையால் ஓரிரு நொடிகளில் ஒட்டிவிட வேண்டும். தயங்கினால் அடியிலுள்ள பிளாஸ்டிக் கட்டைகள் உருகிவிடும். சால்டரிங் அயர்ன் பழகிய கைக்கு இது மலிவான வழியும் கூட. யூனிஜாய்னரின் விலையில், சால்டர் வைக்கச் செலவாகும் கம்பியையும் ஈயத்தையும்போல் பல மடங்கு வாங்கிவிடலாம். ஆகவே நிலையான அமைப்புக்குச் சால்டரையும், பிரித்து வைக்கும் அமைப்புக்கு யூனிஜாய்னரையும் நான் பரிந்துரைப்பேன்.

யூனிஜாய்னர் யூனிட்ராக்கின் பிளாஸ்டிக் அடித்தளத்துக்குள் பூட்டிக்கொள்ளும்படி செய்யப்பட்டது என்பதால், வேறு நிறுவனங்களின் விருப்பப்படி வளைத்துக்கொள்ளும் பாதைகளில் அப்படியே பொருந்தாது. ஆனால் கேட்டோவின் 9 மில்லிமீட்டர் என் கேஜ் யூனிட்ராக்குக்கும் 16.5 மில்லிமீட்டர் ஹெச்ஓ கேஜ் யூனிட்ராக்குக்கும் இதே இணைப்பி பொருந்தும்.