ஐ20 என் லைன்: லீஸா, லோனா? ரெண்டு வருஷம் ஓட்டினதுக்கு அப்புறம்

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். சம்பளக்காரரா இருந்து 30% டேக்ஸ் ஸ்லாப்ல இருக்கீங்க, அடுத்த நாலு வருஷம் இதே கம்பெனில தான் இருப்பேன்னு நம்பிக்கை இருக்கு, ரெண்டும் ஓகேன்னா இந்த மாதிரி சின்ன இன்ஜின் டர்போ ஹேட்ச்பேக்க கம்பெனி லீஸ்ல எடுங்க (அதாவது வண்டி லீஸ் கம்பெனியோடது, மாச வாடகை நம்ம சம்பளத்துலருந்து போகும்). ரெண்டுல ஒண்ணு இடிச்சாலும் லோன் போட்டு சொந்தமாவே வாங்கிடுங்க. ஏன்னு கீழ விளக்கமா எழுதறேன், ஏன்னா ஷோரூம்ல யாரும் இத சொல்ல மாட்டாங்க, எச்ஆர் அனுப்புற பிடிஎஃப்லயும் பாதி தான் இருக்கும்.

நான் ஓட்டறது ஹூண்டாய் ஐ20 என் லைன், டாப் வேரியன்ட் என்8, 6 ஸ்பீட் மேனுவல். 2024 பொங்கலுக்கு ஒட்டி கம்பெனி லீஸ்ல எடுத்தேன், நாலு வருஷ கான்ட்ராக்ட். அதே சமயத்துல கோயம்புத்தூர்ல இருக்கற எங்க மச்சான் அதே வண்டில விலை கம்மியான என்6 வேரியன்ட் மேனுவல் பேங்க் லோன்ல வாங்குனாப்ல. ரெண்டு வண்டியும் நம்ம இருங்காட்டுக்கோட்டை பிளான்ட்ல செஞ்சது தான். அதனால இத ஒரே வண்டிய ரெண்டு வழில வாங்கின குடும்பத்தோட கணக்குன்னு எடுத்துக்கோங்க.

முதல்ல வண்டி எப்படின்னு சொல்லிடறேன், அது பிடிக்கலன்னா மீதி கணக்கெல்லாம் எதுக்கு. 998 சிசி, மூணு சிலிண்டர், டர்போ, 120 பிஎஸ் பவர், 172 என்எம் டார்க். பேப்பர்ல 1,500 ஆர்பிஎம்லயே முழு டார்க் வந்துடும்னு போட்டிருக்கு, என் காலுக்கு 1,800 தாண்டினா தான் அது தெரியுது. சோழிங்கநல்லூர் சிக்னல்ல ஊர்ந்து ஊர்ந்து போறப்ப இது சாதாரண வண்டி தான், செகண்டா ஃபர்ஸ்ட்டானு கைய மாத்திக்கிட்டே இருக்கணும். ஆனா கொல்லிமலை ஏறிப் பாருங்க. 70 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுலயும் செகண்ட் கியர்ல உள்ள போயி, வளைவு முடியற இடத்துல ஆக்ஸிலரேட்டர மெதுவா அழுத்தினா டர்போ விழிச்சுக்கிட்டு வண்டிய அடுத்த வளைவு வரைக்கும் அப்படியே தூக்கிட்டுப் போகும், பின்னாடி அந்த ட்வின் எக்ஸாஸ்ட்லருந்து ஒரு கட்டையான சத்தம் வரும், அந்த சத்தத்துக்காகவே ஏசிய ஆஃப் பண்ணிட்டு கண்ணாடிய இறக்கி விட்டு ஓட்டுவேன். சஸ்பென்ஷன் சாதா ஐ20ய விட டைட், நம்மூரு பள்ளம் மேட்டுல பின் சீட்ல உக்காந்திருக்க அம்மாவுக்கு அது பிடிக்காது, மலைல எனக்கு அது தான் வேணும். மைலேஜ் சிட்டில 11, 12, ஹைவேல நிதானமா போனா 17 வரும்.

இப்ப கணக்கு. இந்த 998ங்கற நம்பர் தான் எல்லாத்துக்கும் அச்சாணி. நாலு மீட்டருக்குள்ள, 1,200 சிசிக்குள்ள பெட்ரோல் வண்டிங்கறதால ஜிஎஸ்டில கம்மி ஸ்லாப். 1,000 சிசிக்குள்ளங்கறதால தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் வருஷத்துக்கு 2,094 ரூபா, 1,000 தாண்டினா 3,416. லீஸ்ல எடுக்கறவங்களுக்கு முக்கியமானது மூணாவது: 1.6 லிட்டருக்குள்ள இருக்க கம்பெனி கார ஆபீஸுக்கும் சொந்த வேலைக்கும் சேத்து ஓட்டினா, செலவெல்லாம் கம்பெனி கணக்குல போனாலும், நான் எடுத்த சமயத்து ரூல்படி நம்ம சம்பளத்தோட சேக்கற பெர்க் வேல்யூ (கம்பெனி குடுக்கற வசதிக்கு டேக்ஸுக்காக போடற மதிப்பு) மாசம் வெறும் 1,800 ரூபா. 1.6 தாண்டினா 2,400. நம்ம வாடகை எவ்வளவா இருந்தாலும் அந்த 1,800க்கு மட்டும் தான் டேக்ஸ்னு இருந்துச்சு.

அந்த ரூல்படி, உதாரணத்துக்கு மாச வாடகை 28,000ன்னு வெச்சுக்கோங்க, இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் அதுலயே அடக்கம். அது சிடிசில (கம்பெனி நமக்குன்னு ஒதுக்கற மொத்த சம்பளத் தொகை) ஸ்பெஷல் அலவன்ஸ்லருந்து டேக்ஸுக்கு முன்னாடியே போயிடும். 1,800 போக மீதி 26,200க்கு செஸ்ஸோட சேத்து 31.2% டேக்ஸ் மிச்சம், அதாவது மாசம் 8,000 சொச்சம். ஆக கையிலருந்து நிஜமா போறது 20,000க்குள்ள. மச்சான் பக்கம் பாருங்க: 10 லட்சம் லோன், 9% வட்டி, அஞ்சு வருஷம்னா இஎம்ஐ 20,758, வட்டியே மொத்தம் ரெண்டரை லட்சம் கிட்ட. அது மேல சர்வீஸ், ரெண்டாவது வருஷத்துலருந்து இன்சூரன்ஸ், எல்லாம் தனி. ஆனா அஞ்சு வருஷம் முடிஞ்சா வண்டி அவருது, எனக்கு நாலு வருஷம் முடிஞ்சா வண்டி லீஸ் கம்பெனியோடது, வேணும்னா ரெசிடுவல் வேல்யூ (லீஸ் முடியறப்ப வண்டிக்குன்னு முன்னாடியே எழுதி வெச்ச விலை) கட்டி எடுத்துக்கலாம். இத மறந்துட்டு மாச செலவ மட்டும் கம்பேர் பண்றவங்க தான் ஜாஸ்தி. புது டேக்ஸ் ரெஜிம்ல இருந்தா லீஸ் பலன் கிடையாதுன்னு ஒரு பேச்சு ஓடுது, அது தப்பு. இது விலக்கு இல்ல, பெர்க்க மதிப்பு போடற முறை, அதனால ரெண்டு ரெஜிம்லயும் உண்டு.

மச்சான் என்6 எடுத்ததுக்கும் காரணம் இருக்கு. 2023 நவம்பர்ல தமிழ்நாட்டுல ரோடு டேக்ஸ் ஏத்தினாங்க இல்லையா, 5 லட்சத்துக்கு மேல 10 லட்சம் வரைக்கும் 13%, அத தாண்டி 20 லட்சம் வரைக்கும் 18%. அப்ப என்6 மேனுவல் எக்ஸ் ஷோரூம் 9.99 லட்சம், என்8 11.2 லட்சம். ரோடு டேக்ஸ்ல மட்டுமே 70,000 வித்தியாசம். போஸ் ஸ்பீக்கருக்கும் பெரிய ஸ்க்ரீனுக்கும் அத்தன காசு வேணாம் மாமா, இன்ஜின் ஒண்ணு தானேன்னு சொன்னாப்ல. சொந்தக் காசுல வாங்கறவங்களுக்கு அது நூத்துக்கு நூறு சரியான முடிவு. தவிர அவரு சொந்தமா வொர்க்‌ஷாப் வெச்சிருக்காப்ல, சம்பளமே கிடையாது, அப்புறம் சிடிசி எங்கருந்து வரும், லீஸ் எங்கருந்து வரும். வண்டிய பிசினஸ் கணக்குல காட்டி வருஷம் 15% தேய்மானம் எடுத்துக்கறாப்ல. டயர மாத்திட்டாப்ல, ஸ்பீக்கர் வெளிய போட்டாப்ல. என் வண்டில நான் ஒரு ஹார்ன் மாத்தணும்னாலும் மெயில் போட்டு கேக்கணும்.

ஆமா, அந்த ‘வேற ஒருத்தர் வண்டி’ங்கற விஷயம் சின்னச் சின்னதா நிறைய இடத்துல தட்டும். ஆர்சில லீஸ் கம்பெனி பேரு, அதனால டிஜிலாக்கர்ல நம்ம பேருக்கு வராது, காப்பி கைல வெச்சிருக்கணும். ஸ்பீட் சலான் முதல்ல அவங்களுக்குப் போகும், அங்கருந்து நமக்கு ஃபார்வர்ட் ஆகி வர்றதுக்குள்ள நாளாகிடும். ரொம்ப பேரு கவனிக்காதது நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் போடாம ஓட்டினா பிரீமியத்துல கிடைக்கற தள்ளுபடி. பாலிசி லீஸ் கம்பெனி பேர்ல இருக்கறதால நாலு வருஷம் கிளெய்மே போடாம ஓட்டினாலும் அந்த போனஸ் நமக்கு சேராது. பழைய கார வித்தப்ப கிடைச்ச போனஸையும் இதுல போட முடியாது, மூணு வருஷத்துக்குள்ள சொந்தப் பேர்ல இன்னொரு கார் வாங்கலன்னா அது வீண். மச்சானுக்கு வருஷா வருஷம் 20, 25, 35ன்னு ஏறிட்டுப் போகுது.

இன்சூரன்ஸ்னு வந்ததால இதையும் சொல்லணும். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துல வேளச்சேரி பக்கம் எத்தன கார் தண்ணில நின்னுச்சு. இன்ஜின் புரொடெக்ட் (தண்ணி புகுந்து இன்ஜின் போனா காசு தர்றது), ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் (டோட்டல் லாஸ் ஆனா பில் விலையவே தர்றது) ரெண்டும் பாலிசில இருக்கான்னு லீஸ் கையெழுத்துக்கு முன்னாடியே கேட்டு மெயில்ல வாங்கினேன். சென்னைல இருந்துக்கிட்டு இது இல்லாம கையெழுத்து போடாதீங்க, ஏன்னா டோட்டல் லாஸ் ஆனா இன்சூரன்ஸ் பணம் வண்டி ஓனருக்குப் போகும், பாக்கி வாடகைக்கு நம்மள கேப்பாங்க.

லீஸ்ல பெரிய பயம் வேலைய விடறது தான். என் டீம்ல ஒரு தம்பி நல்ல ஆஃபர் வந்து கிளம்பினான், புது கம்பெனில லீஸ் வசதியே இல்ல. லீஸ பாதில முடிக்கற ஃபோர்குளோஷர் லெட்டர் வந்தப்ப பாக்கி தொகை, அபராதம், அதுமேல ஜிஎஸ்டின்னு போட்டிருந்தாங்க, அவனோட ஜாயினிங் போனஸ் முழுக்க அதுலயே கரைஞ்சது. வேலை மாறிட்டே இருக்க வயசுல, பெஞ்ச் (ப்ராஜெக்ட் இல்லாம உக்கார வெக்கறது), லேஆஃப்னு பேச்சு ஓடற டீம்ல இருக்கறவங்க தயவுசெஞ்சு லோன் பக்கமே போங்க. லோன் நம்மளோட வரும், லீஸ் கம்பெனியோட நின்னுடும்.

இதுக்கு நடுவுல 2025 செப்டம்பர் 22லருந்து இந்த சைஸ் வண்டிக்கு ஜிஎஸ்டி 28%, செஸ் 1%ங்கறது போயி நேரா 18% ஆச்சு. புது வண்டி விலை ஒரு லட்சம் ஒட்டி இறங்குச்சு, கூடவே பழைய வண்டி மார்க்கெட்டும் இறங்கும். மச்சானுக்கு அந்த நஷ்டம் அவரு தலைல. எனக்கு ரெசிடுவல் வேல்யூ 2024லயே எழுதி ஃபிக்ஸ் பண்ணது, இன்னும் ரெண்டு வருஷத்துல மார்க்கெட் ரேட் அதுக்குக் கீழ இருந்தா சாவிய குடுத்துட்டு வந்துடலாம், மேல இருந்தா கட்டி எடுத்துக்கலாம். என்ன கேட்டா வாடகைல டேக்ஸ் மிச்சமானத விட இது பெரிய விஷயம்.

இருந்தாலும் நான் இப்பவே மாசம் ஒரு தொகை தனியா பேங்க் ஆர்டில (மாசா மாசம் கட்ற சேமிப்பு) போட்டுட்டு வரேன், வண்டிய எடுத்துக்கணும்னு தான் ஆச. என்8 மேனுவல் நல்லா பராமரிச்சது செகண்ட்ஸ்ல என்ன ரேட் போகுதுன்னு கோயம்புத்தூர்ல மச்சான் அப்பப்ப விசாரிச்சு சொல்றாப்ல. யாராவது இதே வண்டிய லீஸ் முடிச்சு வாங்கியிருந்தா, ஆர்சி பேரு மாத்தறதுக்கு எத்தன நாள் ஆச்சு, ரெசிடுவலுக்கு மேல ஜிஎஸ்டி எவ்வளவு போட்டாங்கன்னு எழுதுங்க, எனக்கு அது உடனே தேவப்படும்.